இலை கருகினால் மலை கலங்கும்

நீலகிரிக் கிழங்குத் தோட்டங்களை ஒன்றரை நூற்றாண்டாகத் துரத்தும் கருகல் நோய், இப்போது புது வம்சமாக வந்திருக்கிறது. நம் விதையும் மருந்தும் பழையவையாகவே இருக்கின்றன.

ஜூலை மாதத்துக் காலை. முத்தோரை பாலாடா பள்ளத்தாக்கில் ஏழு மணியாகியும் மூட்டம் விலகவில்லை. இரவெல்லாம் தூறிய மழை இலை நுனிகளில் சொட்டிக்கொண்டிருக்கிறது. கம்பளித் தொப்பியும் பழைய ஸ்வெட்டருமாக ஒரு விவசாயி கிழங்குத் தோட்டத்துக்குள் குனிந்து நடக்கிறார். செடி இடுப்பளவு வளர்ந்து, வெள்ளைப் பூ விட்டிருக்கிறது. அவர் கண் பூவின் மேல் இல்லை. ஒவ்வொரு செடியிலும் கீழ் இலையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டே போகிறார்.

நாலாவது வரிசையில் கை நிற்கிறது. இலை ஓரத்தில் வெந்நீர் பட்டதுபோல ஓர் ஈரப்புள்ளி. புரட்டினால், புள்ளியைச் சுற்றி மாவு தூவியதுபோல வெண்படலம். அடுத்த செடியிலும் அதே. அதற்கடுத்ததிலும். அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறார். இன்றைக்கு வெயில் வருமா?

கார்போகம் என்ற மழைக்காலப் போகத்தில் கிழங்கு போட்ட எவரும் இந்தக் காலையைக் கடந்திருப்பார். வெயில் வந்தால் ஒருவேளை பிழைக்கலாம். மூட்டம் இன்னும் நான்கு நாள் நின்றால் பச்சைத் தோட்டம் பழுப்பாகும். பத்தாவது நாள் தீ வைத்ததுபோல நிற்கும். அழுகும் தழையின் நாற்றம் சாலை வரை வீசும்.

நோயின் பெயர் பின்பருவ இலைக்கருகல். விவசாயிகள் வாயில் ‘கருகல்’. உலக வரலாற்றையே ஒருமுறை புரட்டிப் போட்ட நோய் இது. நம் மலையில் அதன் முகம் இன்று மாறிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வரிசையில் நின்றிருந்த வேறு சில நோய்களும் முன்னுக்கு வருகின்றன.

ஒரு வாரம் போதும்

கருகலுக்கு வேண்டியவை இரண்டே: குளிர், ஈரம். 10 முதல் 20 டிகிரி வரை வெப்பநிலை, 90 விழுக்காட்டுக்கு மேல் காற்றில் ஈரப்பதம், சில மணி நேரம் இலையில் காயாமல் நிற்கும் நீர். நீலகிரியின் மழைக்காலம் இந்த மூன்றையும் ஒருசேரக் கொடுக்கிறது.

இலையின் அடியில் தெரியும் அந்த வெண்படலம், நோய்க்கிருமியின் வித்துப்பைகள் நிறைந்த காடு. ஒரு புள்ளியிலிருந்து ஒரே நாளில் லட்சக்கணக்கான வித்துப்பைகள் கிளம்பும். காற்று அவற்றைத் தூக்கிச் சென்று அடுத்த தோட்டத்தில் போடும். குளிர் மிகுந்தால் ஒவ்வொரு வித்துப்பையும் வெடித்து, நீரில் நீந்தக்கூடிய பல வித்துகளை வெளிவிடும். இலைமேல் நிற்கும் ஒரு சொட்டு மழைநீர் அவற்றுக்குக் குளம். உள்ளே நுழைந்த நாலைந்து நாளில் அந்த இலையிலும் வெண்படலம் கட்டும். ஒரு வாரத்தில் ஒரு தோட்டம் ஊருக்கே நோய் கொடுத்துவிடும்.

சமவெளிக் கிழங்குக்கு ஓர் இயற்கைப் பாதுகாப்பு உண்டு. உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் கிழங்கு குளிர்காலப் பயிர். அறுவடைக்குப் பின் வரும் கோடை, வயலில் கிடக்கும் கிருமியைச் சுட்டுப்போடும். மறு ஆண்டு அது குளிர்பதனக் கிடங்கில் தங்கிய விதைக்கிழங்கின் வழியாகத்தான் திரும்ப வர வேண்டும். நீலகிரியில் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு சரிவில் கிழங்குச் செடி பச்சையாக நிற்கிறது. ஒரு போகத்தின் நோய் மறுபோகத்தின் இளஞ்செடிக்குத் தாவிவிடுகிறது. இந்த மலையில் கருகலுக்கு விடுமுறையே இல்லை.

▪ பெட்டிச் செய்தி: எந்த நோய், எப்படித் தெரியும்?

▪ பின்பருவ இலைக்கருகல்: இலை ஓரத்திலும் நுனியிலும் ஈரப்புள்ளி, பிறகு கரும்பழுப்பு. ஈரமான காலையில் இலையின் அடியில் வெண்படலம். கிழங்கை அறுத்தால் தோலுக்குக் கீழே துருநிறத் திட்டு.

▪ முன்பருவ இலைக்கருகல்: கீழே உள்ள முதிர்ந்த இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி. வெண்படலம் இருக்காது.

▪ கரும்பொருக்கு: கிழங்கின் தோலில் கழுவினாலும் போகாத கருமண் கட்டிபோன்ற பொருக்கு. முளை மண்ணுக்குள்ளேயே கருகும்.

▪ பொடிச்சொறி: தோலில் கொப்புளம் வெடித்து, உள்ளே பழுப்புப் பொடி.

▪ உலர் அழுகல்: கிடங்கில் வைத்த கிழங்கு சுருங்கி, மடிப்பு விழுந்து, உள்ளே பொந்து விடும்.

கப்பலில் வந்த பகை

தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் பிறந்த உருளைக்கிழங்கை நீலகிரிக்குக் கொண்டுவந்தவர், 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன். மலை மண்ணும் குளிரும் ஒத்துப்போக, கிழங்கு இங்கே வேரூன்றியது. படகர் ஊர்களில் அது வீட்டுச் சமையலாகவும் கைக்காசாகவும் ஆனது.

நோயும் பின்னாலேயே வந்தது. 1845-ல் அயர்லாந்தில் பரவிய கருகல், ஒரே ரகக் கிழங்கை நம்பி வாழ்ந்த ஏழைகளின் வயிற்றில் அடித்தது. சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறி நாட்டைவிட்டே போனார்கள். இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது 1870-க்கும் 1880-க்கும் இடையில். பதிவான இடம் நீலகிரி. 1883-ல் டார்ஜிலிங்கில் தென்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த விதைக்கிழங்கோடு நோய் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. நோய் வருவது விதையின் வழியாக என்ற அந்தப் பாடம், இந்தக் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

ஜோதி மங்கியது எப்படி?

விடுதலைக்குப் பின் நோய்க்கு எதிராக நாடு எடுத்த முதல் ஆயுதம் புது ரகம். 1949-ல் பாட்னாவில் தொடங்கி, 1956-ல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம், மறு ஆண்டே உதகைக்கு அருகில் முத்தோரையில் ஒரு நிலையத்தைத் திறந்தது. குப்ரி நீலா, குப்ரி நீலமணி, குப்ரி முத்து என்று நீலகிரிக்காகவே ரகங்கள் வெளிவந்தன. நிறுவனத்தின் ரகங்களில் மக்கள் மனத்தில் நின்றது 1968-ல் வந்த குப்ரி ஜோதி.

ஜோதி கருகலைத் தாங்கியது. கிழங்கு முட்டை வடிவில், வெள்ளையாக, சந்தைக்கு அழகாக இருந்தது. அதுவரை மலையில் பரவியிருந்த கிரேட் ஸ்காட் போன்ற பழைய வெளிநாட்டு ரகங்களை ஓரங்கட்டியது. நீலகிரியில் மட்டுமா? சமவெளி வரை இறங்கி இந்தியாவின் பெரும் ரகங்களில் ஒன்றாயிற்று.

அந்த வெற்றியே அதற்கு ஆபத்தாக முடிந்தது. லட்சக்கணக்கான ஏக்கரில் ஒரே ரகம் நின்றால், கிருமிக்கு எதிரில் இருப்பது ஒரே சுவர். அதில் ஒரு விரிசல் கண்டுபிடித்துவிட்டால் எல்லா வயலும் திறந்துவிடும். கருகல் கிருமி அந்த விரிசலைக் கண்டுபிடித்தது. ஜோதியின் தாங்கும் திறன் ஆண்டுக்காண்டு கரைந்தது. ஒரு காலத்தில் மருந்தில்லாமல் நின்ற செடி, இன்று அடிக்கடி மருந்து கேட்கிறது. இருந்தும் மலையில் இன்றைக்கும் ஜோதிதான் பழக்கம். சந்தை அதன் முகத்தைக் கேட்கிறது. விவசாயி அதன் குணத்தை அறிவார். மாற்று ரகத்தின் விதை வேண்டிய அளவு, வேண்டிய நாளில் கைக்கு வருவதில்லை.

வந்தது புது வம்சம்

கருகல் கிருமியில் இரண்டு வகை உண்டு: ஏ1, ஏ2. நூறாண்டுக்கு மேல் மெக்சிகோவுக்கு வெளியே உலகெங்கும் இருந்தது ஏ1 மட்டும். 1980-களில் ஐரோப்பாவில் ஏ2 தென்பட்டது. பிறகு இந்திய மலைகளிலும் தென்பட்டது. இரண்டும் ஒரே வயலில் சந்தித்தால் கலந்து, மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும் தடித்த வித்துகளை உண்டாக்க முடியும். அதுவரை உயிருள்ள செடியையோ கிழங்கையோ நம்பி வாழ்ந்த கிருமிக்கு, மண்ணிலும் ஒரு வீடு அமையக்கூடும் என்பதே இதில் உள்ள அச்சம்.

2004-ல் ஐரோப்பாவில் ‘13-ஏ2’ என்ற வம்சம் கண்டறியப்பட்டது. ‘நீலம் 13’ என்றும் சொல்வார்கள். சில ஆண்டுகளிலேயே பிரிட்டனின் கிழங்கு வயல்களில் பழைய வம்சங்களைத் துரத்திவிட்டு அது ஆட்சியைப் பிடித்தது. 2009-10-ல் தென்னிந்தியத் தக்காளி வயல்கள் அதுவரை காணாத வேகத்தில் கருகின. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மாதிரிகளை எடுத்து மரபணுவைச் சோதித்தார்கள். அதே 13-ஏ2. தொடர்ந்து தென்னிந்திய உருளைக்கிழங்கிலும் அதே வம்சம் உறுதியானது. ஐரோப்பாவிலிருந்து வந்த விதைக்கிழங்கின் வழியாகவே இதுவும் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கப்பலில் வந்த பகையின் கதை இன்னொரு முறை நடந்திருக்கிறது.

இதன் விளைவு இரண்டு. ஒன்று, இந்த வம்சம் முந்தையவற்றைவிட மூர்க்கமானது. இலையில் புள்ளி பெரிதாக, வேகமாக விரிகிறது. இரண்டு, விவசாயி பெரிதும் நம்பியிருந்த மெட்டலாக்சில் மருந்துக்கு இது மசிவதில்லை.

▪ பெட்டிச் செய்தி: பூஞ்சையா, பாசியின் உறவா?

▪ கருகல் கிருமியின் அறிவியல் பெயர் பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ். ‘செடிகொல்லி’ என்ற பொருளில் அந்தப் பெயரை 1876-ல் வைத்தவர் ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி.

▪ பார்வைக்குப் பூஞ்சைபோல இருந்தாலும், உறவுமுறையில் இது பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கம். செல்சுவர் பூஞ்சையைப்போலக் கைட்டினால் ஆனதல்ல, செல்லுலோஸைக் கொண்டது.

▪ ஆகவே பூஞ்சைக்கென்று செய்த சில மருந்துகள் இதைத் தொடுவதே இல்லை. கார்பென்டசிம் அடித்தால் காசும் கூலியும் போகும், கருகல் போகாது.

▪ தக்காளியும் இதற்கு உணவு. கிழங்குத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நோயுள்ள தக்காளி நின்றால் அதுவும் ஆபத்து.

மருந்துக் கடை வாசலில்

மழை விடாத மூன்றாம் நாள் உதகையில் எந்த உரக்கடைக்கும் போய் நிற்கலாம். “அண்ணா, கருகலுக்கு நல்லதா ஒண்ணு குடுங்க” என்று கேட்டபடி வருவார்கள். கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ, எதில் லாபம் நிற்கிறதோ அது வெளியே வரும். மலை விவசாயிக்கு அவசரத்தில் கிடைக்கும் ஒரே மருத்துவர் பெரும்பாலும் அவர்தான். ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கும் அளவே மருந்துச் சீட்டு.

மருந்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இங்கே என்ன தவறு நடக்கிறது என்பது விளங்கும். 1885-ல் பிரான்சில் பிறந்த போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அடுத்த தலைமுறை மருந்து மான்கோசெப். இவை இரண்டும் இலையின் மேல் கவசம்போல் படிந்து, கிருமியைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குபவை. நோய் வருமுன் அடித்தால் காக்கும். உள்ளே நுழைந்தபின் அடித்தால் பயனில்லை. மழை பலத்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

1970-களின் கடைசியில் வந்த மெட்டலாக்சில் செடியின் உள்ளே ஊடுருவிச் சென்று வேலை செய்தது. நோய் தொடங்கியபின் அடித்தாலும் பலன் தெரிந்தது. விவசாயிகள் அதிசயித்தார்கள். ஆனால் அது கிருமியின் ஒரே ஓர் இடத்தைத்தான் தாக்கும். அந்த ஓரிடத்தில் கிருமி மாறிக்கொண்டால் மருந்து வெறும் தண்ணீர். 1980-லேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் அந்த மாற்றம் நடந்துவிட்டது. நம் மலையில் 13-ஏ2 அதே எதிர்ப்போடு வந்திறங்கியது.

அடித்த மருந்து கேட்கவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? அளவைக் கூட்டுவார். இரண்டு மூன்று மருந்தை ஒரே டிரம்மில் கலப்பார். வாரம் ஒருமுறை என்பது நாலு நாளுக்கு ஒருமுறையாகும். கூலி ஏறும். முகமூடியோ கையுறையோ இல்லாமல் முதுகில் ஸ்பிரேயர் சுமக்கும் தொழிலாளியின் நுரையீரலில் அந்தச் சாரல் இறங்கும். சரிவில் வழியும் மழைநீர் அதை ஓடைக்குக் கொண்டுபோகும். நீலகிரியின் ஓடைகள்தான் பவானியாகவும் மோயாறாகவும் கீழே இறங்குகின்றன.

கவச மருந்துக்கும் கேள்வி எழுந்துவிட்டது. மான்கோசெபுக்கு 2020 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம் இந்திய அரசு தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 பூச்சிக்கொல்லிகளின் வரைவுப் பட்டியலிலும் அது இருந்தது. விவசாயியின் கையில் உள்ள மலிவான ஆயுதமும் எத்தனை காலம் இருக்கும் என்பது தெளிவில்லை. மருந்தை மட்டும் நம்பி ஓட்டிய காலம் முடிவுக்கு வருகிறது.

வரிசை மாறுகிறது

கருகலின் நிழலில் நின்ற மற்ற நோய்களைப் பற்றி முன்பு யாரும் பெரிதாகப் பேசவில்லை. இன்று பேசியாக வேண்டும்.

முன்பருவ இலைக்கருகல் வெதுவெதுப்பை விரும்பும் நோய். பகலில் நல்ல வெயில், இரவில் பனி, செடிக்குச் சத்துக் குறைவு என்றால் அது தலைதூக்கும். மழை தவறி, இடையிடையே வறண்ட வெப்ப நாட்கள் நீளும்போது மலையிலும் அதற்கு இடம் கிடைக்கிறது. உலகம் சூடாகச் சூடாக இந்த நோயின் முக்கியத்துவம் கூடும் என்பது பல நாட்டு ஆய்வாளர்களின் கணிப்பு. சிக்கல் எங்கே என்றால், இரண்டு கருகலுக்கும் மருந்து ஒன்றல்ல. புள்ளியைப் பார்த்து வேறுபடுத்தத் தெரியாவிட்டால் பணம் வீண்.

அடுத்தது மண்ணுக்குள் இருக்கும் எதிரிகள். கரும்பொருக்கும் பொடிச்சொறியும் செடியை ஒரே வாரத்தில் கொல்வதில்லை. கிழங்கின் தோலைக் கெடுக்கும். முன்பு கிழங்கு சாக்கில் வந்து, மண்ணோடு எடை போடப்பட்ட காலத்தில் தோல் அழகு பெரிய விஷயமாக இருக்கவில்லை. இன்று சூப்பர் மார்க்கெட்டில் கிழங்கு கண்ணாடிபோல் இருக்க வேண்டும். சொறி பிடித்த கிழங்கு உண்ணத் தகுந்ததுதான். ஆனாலும் ஏலத்தில் தரம் இறங்கும். இந்த நோய்களின் முக்கியத்துவத்தை உயர்த்தியதில் வானிலையைவிட வாங்குவோரின் கண்ணுக்குப் பங்கு அதிகம். பொடிச்சொறி ஒருமுறை மண்ணில் குடியேறினால் பல ஆண்டுகள் போகாது. குளிர்ந்த, நீர் தேங்கும் மலை நிலம் அதற்குப் பிடித்த வீடு.

சமவெளியில் கரிஅழுகல் என்ற நோய் உண்டு. மண் சூடேறும் மாதத்தில் கிழங்கை எடுக்காமல் விட்டால் பிடிக்கும். கோடை முன்னதாகவே வந்துவிடும் ஆண்டுகளில் அதற்கு வாய்ப்பு கூடுகிறது.

கிழங்கு நோய்களில் ஒன்றை மட்டும் நாம் உறுதியாகக் கட்டிப்போட்டோம். கிழங்கின் கண்களில் பூக்கோசுபோலக் கட்டி வளரும் கரணை நோய், 1950-களின் தொடக்கத்தில் டார்ஜிலிங்கில் கண்டறியப்பட்டது. 1959-ல் அங்கிருந்து கிழங்கு வெளியே போக மத்திய அரசு தடை விதித்தது. நோயைத் தாங்கும் ரகங்களும் கொடுக்கப்பட்டன. அது நாட்டின் மற்ற பகுதிகளில் பரவாமல் நின்றது. அரசும் அறிவியலும் ஒரே நேரத்தில் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

யார் தலையில் விடிகிறது?

ஓர் ஏக்கர் கிழங்குக்கு ஏறத்தாழ ஒரு டன் விதை வேண்டும். நெல்லுக்கு மூட்டைக் கணக்கில் முடியும் செலவு இங்கே லாரிக் கணக்கில் நிற்கிறது. விதை, உரம், மண் அணைக்கும் கூலி எல்லாம் முதல் இரண்டு மாதத்தில் கடனாக மண்ணுக்குள் போய்விடும். கருகல் வருவது அதற்குப் பிறகு; பணம் முழுவதும் இறங்கிய பின், கிழங்கு பருக்கும் முன். செடி அறுபதாம் நாள் கருகினால் தோண்டும்போது கிடைப்பது கோலிக்குண்டு அளவுக் கிழங்கு. தோண்டும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று அப்படியே விட்டுவிட்டவர்கள் உண்டு.

இழப்பில் இன்னொரு கொடுமை, அது வெளியே தெரியாது. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் உருளைக்கிழங்கு விளைவித்து, சீனாவுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. தமிழகத்தின் சமையலறைக்கு வருவதில் பெரும்பங்கு வடமாநிலங்களிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருவது. மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டிக் கிழங்கு இறங்கும் அதே தளத்தில் குஜராத் கிழங்கும் கோலார் கிழங்கும் இறங்குகின்றன. நீலகிரி கருகிய ஆண்டிலும் சென்னையில் மசால் தோசை விலை ஏறாது. தக்காளி விலை ஏறினால் தலைப்புச் செய்தி. மலையில் கிழங்கு கருகினால் மாவட்டப் பக்கத்தில்கூட மூன்று வரி வருவது அரிது.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். அது ஒரு பகுதியின் சராசரி மகசூலை வைத்து இழப்பைக் கணக்கிடுகிறது. மூட்டம் அடையும் பள்ளத்தில் இருப்பவரின் தோட்டம் முழுக்கக் கருகும். காற்றோட்டமான மேட்டில் இருப்பவர் தப்புவார். சராசரி போட்டால் பள்ளத்துக்காரரின் கண்ணீர் கணக்கில் காணாமல் போகும். மடிப்பு மடிப்பாக இருக்கும் மலை நிலத்துக்கு, தட்டையான சமவெளியின் அளவுகோல் பொருந்தாது.

இப்படிச் சோர்ந்தவர்கள் ஒருபுறம் தேயிலைக்குப் போனார்கள். இன்னொருபுறம் கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் மாறினார்கள். ஒரு காலத்தில் கிழங்கு விவசாயிகளுக்காகவே 1935-ல் தொடங்கப்பட்ட நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் இன்றும் மேட்டுப்பாளையத்தில் ஏலம் நடத்துகிறது. ஆனால் மலையில் கிழங்கின் பரப்பு அந்த நாளைய அளவில் சிறு பங்குதான். கருகல் மட்டும் இதற்குக் காரணமில்லை. விலையும் கூலியும் வேரைத் தாக்கும் நூற்புழுவும் சேர்ந்தே இந்தச் சுருக்கத்தைச் செய்தன. மற்றவை மெல்ல அரித்தன, கருகல் ஒரே வாரத்தில் முடித்தது.

விதைக்கு எங்கே போவது?

1961-ல் உதகையில் ஓர் ஆங்கிலேய ஆய்வாளர் கிழங்கு வேர்களில் கடுகைவிடச் சிறிய மணிகளைக் கண்டார். தங்க நூற்புழுவின் முட்டைக்கூடுகள். இந்தியாவில் முதல் முறை. புழு பரவாமலிருக்க, நீலகிரிக் கிழங்கு விதையாக வெளியே போவதற்குக் கட்டுப்பாடு வந்தது. கருகலையும் நூற்புழுவையும் சேர்த்துத் தாங்கும் குப்ரி ஸ்வர்ணா 1985-ல் இந்த மலைக்கென்றே வந்தது. கருகலை வலுவாகத் தாங்கும் குப்ரி கிர்தாரி 2008-ல் வந்தது. கருகல், நூற்புழு இரண்டையும் எதிர்க்கும் குப்ரி சஹ்யாத்ரி போன்றவை அதற்குப் பின் வந்தன. அறிவியல் தன் கடமையைச் செய்திருக்கிறது.

ரகம் இருப்பது வேறு, விதை கிடைப்பது வேறு. 2018-ல் இமாசலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் ஆகிய இடங்களிலும் இந்த நூற்புழு கண்டறியப்பட்டு, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போக மத்திய அரசு தடை விதித்தது. நாட்டுக்கு விதைக்கிழங்கு தந்த மலைகள் அவை. தடை சரி; ஆனால் மாற்று ஏற்பாடு அதே வேகத்தில் வரவில்லை. நல்ல விதை கிடைக்காதவர் என்ன செய்வார்? சென்ற போகத்தில் எடுத்த கிழங்கில் சிறியதைப் பொறுக்கி நடுவார். அல்லது மண்டியில் சாப்பாட்டுக் கிழங்கை வாங்கி நடுவார். தோலுக்குக் கீழே துருநிறத் திட்டோடு ஒரு கிழங்கு மண்ணுக்குள் போனால் போதும். அந்தச் செடிதான் ஊரின் முதல் கருகல்.

ஜவ்வாது மலை சொல்லும் சேதி

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் உருளைக்கிழங்கு முக்கியப் பயிர் அல்ல. கிழங்கு பருக்க இரவு குளிர வேண்டும். அந்த மலையின் உயரம் நீலகிரியில் பாதிகூட இல்லை. ஜமுனாமரத்தூர் கடைகளுக்குக் கிழங்கு கீழேயிருந்து வண்டியேறி வருகிறது. அங்கே மலையாளிப் பழங்குடி மக்களின் பயிர் சாமை. பிறகு ஏன் இந்தக் கட்டுரையில் ஜவ்வாது மலை?

நோய் அந்தப் பயிரையும் விட்டுவைக்கவில்லை. சாமைக் கதிரில் கரிப்பூட்டை விழும். மணி இருக்க வேண்டிய இடத்தில் கரும்பொடி நிறைந்த பை இருக்கும். பார்வைக்கு நல்ல மணியைவிடச் சற்றே பருத்திருக்கும், அவ்வளவுதான். கதிரடிக்கும் களத்தில் பொடி பறக்கும்போதுதான் பல வீடுகளில் அது கண்ணில் படுகிறது. மிக மோசமான ஆண்டிலும் அது அந்த மலையைப் பட்டினி போட்டதில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே விதை வீட்டில் இருந்தது. கேழ்வரகும் தினையும் பயறும் கலந்து விதைத்தார்கள். எல்லாம் ஒரே நாளில், ஒரே நோயில் போகாது.

அந்தப் பாதுகாப்பும் மெலிந்து வருகிறது. சிறுதானியத்துக்குச் சந்தை வந்த பின், விலை கிடைக்கும் ஒன்றையே எல்லாரும் விதைக்கும் ஆசை எல்லா மலைக்கும் வரும். வெளியிலிருந்து வரும் விதையும் கூடவே வரும். நீலகிரி ஒரே ஜோதியை நம்பியதுபோல, ஜவ்வாது மலை ஒரே சாமை ரகத்தை நம்பும் நாள் வரக்கூடாது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. நீலகிரியில் முத்தோரை இருக்கிறது. இரு மலைகளுக்கும் அறிவியல் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த நிலையங்களின் வாசலிலிருந்து விவசாயியின் வரப்பு வரை உள்ள அந்தச் சில கிலோமீட்டர்தான் இன்னும் கடக்கப்படவில்லை.

▪ பெட்டிச் செய்தி: கிழங்கு விவசாயி உடனே செய்யக்கூடியவை

▪ நடுமுன் விதைக்கிழங்கில் பத்துக்கு ஒன்றை அறுத்துப் பாருங்கள். துருநிறத் திட்டு தெரிந்தால் அந்தக் குவியலை நடாதீர்கள்.

▪ கழிவுக் கிழங்கைத் தோட்ட ஓரத்தில் குவிக்காதீர்கள். ஆழக் குழிவெட்டிப் புதையுங்கள்.

▪ மண்ணை உயரமாக அணையுங்கள். இலையிலிருந்து கழுவி இறங்கும் வித்து கிழங்கைத் தொடாது.

▪ மாலையில் ஸ்பிரிங்க்ளர் போடாதீர்கள். இரவு முழுவதும் இலை நனைந்திருந்தால் நோய்க்கு விருந்து.

▪ கவச மருந்தை நோய்க்கு முன் அடியுங்கள். உள்ளே ஊடுருவும் மருந்தை ஒரே வகையாகத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள்.

▪ முக்கால்வாசித் தழை கருகிவிட்டால் தழையை வெட்டி அகற்றுங்கள். தோல் முதிர பத்துப் பதினைந்து நாள் விட்டுத் தோண்டுங்கள்.

▪ ஒரே நிலத்தில் தொடர்ந்து கிழங்கு போடாதீர்கள். இடையில் கேரட், முட்டைகோஸ், பட்டாணி என்று மாற்றுங்கள்.

மலைக்கு மலையிலேயே

விவசாயி செய்ய வேண்டியதைப் பட்டியல் போட்டுவிட்டுக் கை கழுவுவது எளிது. பட்டியலில் உள்ள முதல் வரியே நல்ல விதையைப் பற்றியது. அது அவர் கையில் இல்லை.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. நோயைத் தாங்கும் ரகங்களின் சுத்தமான விதையை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உற்பத்தி செய்து, போகம் தொடங்குமுன் கொடுக்க வேண்டும். ஒரு ரகமாக அல்ல, மூன்று நான்காக. திசுவளர்ப்பும் மண்ணில்லாமல் காற்றில் வேர்விட்டு விதைக்கிழங்கு பெருக்கும் முறையும் இந்தியாவில் நடைமுறைக்கு வந்துவிட்டன. இரண்டாவது, எச்சரிக்கை. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் வைத்துக் கருகல் வரும் நாளை முன்கூட்டிச் சொல்லும் ‘இந்தோ-பிளைட்காஸ்ட்’ முறையை மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. பள்ளத்தாக்குக்கு ஒரு வானிலைக் கருவி வைத்து, “நாளை மறுநாளுக்குள் கவச மருந்து அடியுங்கள்” என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால், பல தெளிப்புகள் மிச்சமாகும். மூன்றாவது, காப்பீட்டின் அளவுகோல் மலையின் மடிப்புக்கு ஏற்பச் சுருங்க வேண்டும்.

வாங்குகிற நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தோலில் சிறு சொறி உள்ள கிழங்கை ஒதுக்காதீர்கள். தோலைச் சீவினால் உள்ளே அதே கிழங்குதான். ஊட்டிக் கிழங்கு என்று கேட்டு வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் அந்த இரண்டு ரூபாய் அதிக விலை, மலையில் ஒரு குடும்பம் அடுத்த போகத்துக்கு நல்ல விதை வாங்குவதற்கான பணம்.

அயர்லாந்தைப் பட்டினி போட்டது கருகல் மட்டும் அல்ல. ஒரே ரகத்தை நம்ப வைத்த வறுமையும், உரிய நேரத்தில் வராத உதவியும் சேர்ந்துதான் அந்தப் பஞ்சம். கிருமியை நம்மால் அழிக்க முடியாது. ஒரே ரகம், தாமதமான உதவி என்ற அந்த இரண்டையும் திருத்த முடியும். அடுத்த கார்போகத்துக்கு விதை நட வேண்டியது ஏப்ரல் மாதம். அதற்குள் நல்ல விதை மலை ஏற வேண்டும்.